கற்பனைப் பெரியம்மா

புள்ளிக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. பேச ஆரம்பித்தால் வாக்கியத்தை முடிக்கவே மாட்டாள் என்பதால், அவளுடைய பெரியப்பா சின்ன வயதிலேயே அவளைக் காற்புள்ளி என்று கூப்பிடத் தொடங்கினார். அது வாய்க்கு நீளமாக இருந்ததால் பெரியம்மா முன்பாதியை வெட்டிவிட்டாள். மிஞ்சியது புள்ளி.

படிப்பை முடித்துவிட்டு வேலைக்காக நகரத்துக்கு வந்தவள் பெரியம்மா வீட்டு மாடியறையில் தங்கியிருந்தாள். கீழே பெரியம்மாவின் சலவைக்கடை, அதற்கு மேல் வீடு, வீட்டுக்கு மேல் புள்ளி. கடையிலிருந்து கிளம்பும் ஆவியும் சோப்பு வாசனையும் படியேறி வந்து அவள் அறையில்தான் ஓய்வெடுக்கும். பெரியப்பா இஸ்திரி போடுவார், பேச மாட்டார். பெரியம்மா முன்னால் நின்று துணியை வாங்கிப்போடுவாள். விரித்துப் பார்த்த மாத்திரத்தில் இது காப்பிக் கறை, இது மைக் கறை, இது வீட்டில் தெரியாமல் நீங்களே தேய்த்துப் பார்த்துப் பெரிதாக்கிய கறை என்று ஆளின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். வாடிக்கையாளர்கள் கொஞ்சம் பயந்துகொண்டேதான் வருவார்கள்.

புள்ளி பகலில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வரவேண்டியவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது அவள் வேலை. அதைக்கூட அழகாக எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஒரு நோயாளிக்கு, 'நாளையோடு உங்கள் வலி முடிவுக்கு வருகிறது' என்று அனுப்பினாள். அந்த மனிதர் அதைப் படித்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். டாக்டர் அவளைக் கூப்பிட்டு, தேதியும் மணியும் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றார்.

அவளுக்கு எழுத்து வேலைதான் வேண்டும். விளம்பர நிறுவனங்கள், பத்திரிகைகள், பாடப்புத்தகம் போடுகிறவர்கள் என்று எல்லாருக்கும் விண்ணப்பித்துப் பார்த்தாள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் இதுவரை என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பல்லைப் பற்றி எழுதியதை எங்கே காட்டுவது.

அப்போதுதான் ஒரு வீடியோ அவள் கண்ணில் பட்டது. கோட்டு போட்ட ஒருவர், ஒரே நிறத்து அட்டை போட்ட புத்தகங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, "வேலையைத் தேடிப் போகாதீங்க. வேலை உங்களைத் தேடி வரணும்" என்றார். சமூக வலைதளத்தில் ஒரு பக்கம் தொடங்க வேண்டும், தினமும் எழுத வேண்டும், வாழ்க்கையை ஒளிக்காமல் காட்ட வேண்டும், முதலாளிகள் கண்ணில் படுகிற மாதிரி அவர்களை டேக் செய்ய வேண்டும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது அவருடைய உபதேசம். புள்ளி அதை மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள்.

பக்கத்துக்கு 'எழுத்தில் ஒருத்தி' என்று பெயர் வைத்தாள். மேசை, கணினி, ஆவி பறக்கும் கோப்பை, ஜன்னல் எல்லாம் வருகிற மாதிரி ஒரு படம் எடுத்தாள். அதற்குக் கீழே, 'தனிமை என்பது ஒரு அறை, அதற்குள் இன்னொரு அறை, அதற்குள் நான்,' என்று எழுதினாள். அம்மா லைக் போட்டாள். பல் மருத்துவமனை நர்ஸ் போட்டார். கதவு விற்கும் கடை ஒன்றும் போட்டது.

இந்த நேரம் பார்த்துப் பெரியம்மாவின் பழைய பட்டன் போன் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. தொடுதிரை போன் வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, தன்னுடைய பக்கத்தையும் அதில் சேர்த்துக் கொடுத்தது சாட்சாத் புள்ளியேதான். இன்னும் ஒரு லைக் கிடைக்குமே என்கிற நப்பாசை. என் பதிவுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும், அதில் எழுதினால் எனக்கு வந்து சேர்ந்துவிடும் என்றும் சொல்லிக் கொடுத்தாள். பெரியம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அந்தப் பெட்டி தனக்கும் புள்ளிக்கும் நடுவில் இருக்கும் தனிப்பாதை என்று நினைத்துவிட்டாள்.

தனிமைப் பதிவின் கீழே அவளுடைய முதல் கமெண்ட் வந்தது. 'கட்டில்ல ஈரத்துண்டு கிடக்கு. படத்துல தெரியுது. எடுத்துக் காயப்போடு.'

புள்ளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. சட்டென்று அதை அழித்தாள். கீழே கடையில் இருந்த பெரியம்மா தன் செய்தியைக் காணாமல், 'முன்னாடி அனுப்பினது வரலை போல. மறுபடி அனுப்புறேன். ஈரத்துண்டு' என்று எழுதினாள். அதை அழிப்பதற்குள் முன்பின் தெரியாத ஒருவர் அதற்கு லைக் போட்டுவிட்டார். இன்னொருவர், துண்டை எடுத்தாச்சா என்று விசாரித்தார்.

அன்று சாயங்காலம் புள்ளி கடைக்குப் போய் விஷயத்தை எடுத்துச் சொல்லப் பார்த்தாள்.

"அங்க எழுதினா எல்லாருக்கும் தெரியும் பெரியம்மா."

"தெரியட்டுமே. ஈரத்துண்டை மெத்தையில போடக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியலை."

பெரியப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார். புள்ளி மாடிக்குப் போய்ப் பெரியம்மாவை பிளாக் செய்தாள். அதுவும் எடுபடவில்லை. என் போனில் புள்ளியைக் காணோம் என்று பெரியம்மா போனைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனாள். போகிற வழியில் பேக்கரிக்காரர், மருந்துக்கடைக்காரர் என்று எல்லாரிடமும் புள்ளி காணாமல் போய்விட்டதாகச் சொல்லிவிட்டாள். போனில்தான் காணோம் என்பதை இரண்டு பேரிடம் சொல்ல மறந்துவிட்டாள். அவர்கள் பதறிப்போய் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பிளாக்கை எடுத்தாக வேண்டியதாயிற்று.

அதன் பிறகு அந்தப் பக்கம் புள்ளியின் கையைவிட்டுப் போய்விட்டது. மழையைப் பற்றி நெஞ்சை உருக்கும் கவிதை ஒன்று எழுதினாள். 'மாடியில துணி. கவிதை அப்புறம்' என்று வந்தது. கோப்பையை மட்டும் நெருக்கத்தில் படம் எடுத்து, நினைவுகளின் விளிம்பில் நிற்கிறேன் என்று எழுதினாள். 'அந்தக் கப்பு என்னோடது. விளிம்பு உடைஞ்சா நீதான் பதில் சொல்லணும்' என்று வந்தது. ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். எல்லாரும் பதிவைத் தாண்டி நேராகக் கீழே இறங்கி, பெரியம்மா என்ன சொல்லியிருக்கிறாள் என்றுதான் பார்த்தார்கள். ஒரு தடவை பல் மருத்துவமனையில் காத்திருப்பவர்களைப் பற்றி உட்கார்ந்து நீளமாக எழுதினாள். அதற்குப் பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே ஒருவரும் அதைச் சீண்டவில்லை.

கடைசியில் கோட்டுக்காரர் சொன்னபடி முதலாளிகளுக்கான பதிவைப் போட்டாள். ஊரிலுள்ள விளம்பர நிறுவனங்கள் எல்லாவற்றையும் டேக் செய்து, நான் ஒரு புதிய எழுத்தாளர், கடின உழைப்பாளி, சூரியனுக்கு முன்னால் எழுகிறவள், எந்தக் குழுவோடும் இணக்கமாக வேலை செய்வேன் என்று எழுதினாள். போட்ட சூட்டோடு பதில் வந்துவிட்டது.

'சூரியன் எழுந்திரிச்சுப் பாதி வேலையை முடிச்சப்புறம்தான் நீ எழுந்திரிக்கிறே. நாளைக்குக் கம்பெனிக்காரங்க என்கிட்ட வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது. பொய் சொல்லணும்னா முன்கூட்டியே சொல்லிவை.'

அதை யார் யாரோ எடுத்துப் பகிர்ந்தார்கள். பல் மருத்துவமனையில் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்த ஒரு நோயாளியே அதைப் பற்றி டாக்டரிடம் சொல்ல முயன்றாராம். புள்ளி இனி இந்த ஜென்மத்தில் தனக்கு வேலை கிடைக்காது என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மறுநாளே ஒரு விளம்பர நிறுவனத்திலிருந்து போன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள்.

அந்த அலுவலகம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. சின்னச் சின்ன மேசைகள், சுவரெல்லாம் ஒட்டுத்தாள்கள், ஒரு மூலையில் எப்போதும் முனகிக்கொண்டிருக்கும் பிரிண்டர். நடத்துகிறவரை எல்லாரும் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். எதற்கெடுத்தாலும் உணர்ச்சிவசப்பட்டு மேசையைத் தட்டுகிற மனிதர். தட்டித் தட்டி அவர் மேசையின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. புள்ளி உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்:

"அந்தப் பெரியம்மாவை எப்படிம்மா உருவாக்கினே?"

உருவாக்கவில்லை, அவள் கீழே கடையில் இருக்கிறாள் என்று சொல்லத்தான் புள்ளி வாயைத் திறந்தாள். அதற்குள் சார், இவ்வளவு உயிரோட்டமான ஒரு பாத்திரத்தைத் தன் அனுபவத்திலேயே பார்த்ததில்லை, ஒரு புது எழுத்தாளருக்கு இவ்வளவு கற்பனை வளமா என்று மேசையைத் தட்டினார். மேசைக் கால் ஆடியது. புள்ளியின் மனசும் ஆடியது.

"கவனிச்சு எழுதினதுதான் சார்" என்றாள். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். வேலை கிடைத்துவிட்டது.

முதல் வேலையாக ஒரு மெத்தைக் கம்பெனிக்கு விளம்பரம் செய்ய வேண்டும். ஒரு பெண் மெத்தையைப் பற்றி அழகாக ஏதாவது எழுதுவாள், கீழே அவளுடைய பெரியம்மா அதைக் கிண்டலடித்து வாருவாள், ஊரே சிரித்துக்கொண்டு மெத்தை வாங்கும் என்பது சாரின் திட்டம். இரண்டையும் புள்ளிதான் எழுத வேண்டும். அவளும் உட்கார்ந்து எழுதினாள். 'என்னடி மெத்தை, மெத்து மெத்துன்னு இருக்கு' என்று எழுதினாள். 'தூங்கு மூஞ்சி, எழுந்திரு' என்று எழுதினாள். சார் படித்துவிட்டு மேசையைத் தட்டவில்லை. இது பெரியம்மா மாதிரி இல்லை, சிரிக்க வைக்கப் பார்க்கிற யாரோ மாதிரி இருக்கிறது என்றார்.

சரி, அசல் ஆளிடமே போய்விடலாம் என்று புள்ளி தன் பக்கத்தில் மெத்தையைப் பற்றி ஒரு பதிவு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. வேண்டுமென்றே ஈரத்துண்டைத் தலையணை மேலேயே போட்டுப் படம் எடுத்துப் போட்டாள். அதற்கும் ஒன்றும் வரவில்லை. கோப்பையை மேசை விளிம்பில், விழுந்துவிடும் போல வைத்துப் போட்டாள். பெரியம்மா அசையவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோய் வீட்டுக்கு ஓடி வந்தால், பெரியம்மா யாருடைய சட்டைக் காலரையோ வெளிச்சத்தில் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தாள். ஆள் நன்றாகத்தான் இருந்தாள்.

ஆபீஸ் போகிற பெண்ணுக்கு வேலை நேரத்தில் செய்தி அனுப்பித் தொந்தரவு செய்யக்கூடாது என்று பெரியப்பா சொன்னாராம். அதனால்தான் நிறுத்திவிட்டாளாம். துண்டைப் பார்த்ததும் கை பரபரத்ததாம், ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாளாம்.

தொந்தரவே இல்லை, எப்போது வேண்டுமானாலும் அனுப்புங்கள் என்று புள்ளி கெஞ்சாத குறையாகச் சொன்னாள். பெரியம்மாவுக்கு ஒரே பெருமை. ஆபீஸுக்கு அனுப்புவதென்றால் ஒழுங்காக எழுத வேண்டும் அல்லவா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக எழுதினாள். 'அன்புள்ள புள்ளிக்கு, பெரியம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தாங்கள் பதிவிட்ட மெத்தை மிக நன்றாக உள்ளது. இப்படிக்கு, பெரியம்மா.' சார் அதைப் பார்த்துவிட்டு, புள்ளிக்குச் சரக்கு தீர்ந்துபோய்விட்டதா என்று கவலைப்பட ஆரம்பித்தார்.

மெத்தைக்காரர் நேரில் வந்து திட்டத்தைப் பார்க்கும் நாளும் வந்தது. அன்றைக்கென்று புள்ளி எழுந்திருக்கத் தாமதமாகி, கைக்குக் கிடைத்த கசங்கிய சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினாள். முக்கியமான நாள் என்று சொல்லித் தேய்க்கக் கொடுத்திருந்த வெள்ளைச் சட்டை கீழே கடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பெரியம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் வீட்டுப் பெண், அதுவும் ஒரு சலவைக்கடை வீட்டுப் பெண், பெரிய மனிதர்கள் முன்னால் கசங்கிய சட்டையோடு நிற்பதா. கடையைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு, சட்டையை ஹேங்கரோடு தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அலுவலகத்தின் நடுக்கூடத்தில் மாதிரி மெத்தையைத் தரையில் விரித்திருந்தார்கள். சுவரில் பெரிய திரை. மெத்தைக்காரர் குள்ளமான, சிடுசிடுப்பான மனிதர். எதையோ கடித்துக்கொண்டிருப்பவர் போல ஒரு பக்கத் தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சார் பேசத் தொடங்கும் நேரத்தில் கதவு திறந்தது. முதலில் சட்டை வந்தது, பின்னால் பெரியம்மா வந்தாள்.

"புள்ளி, கழட்டு அதை. பார்க்கச் சகிக்கலை" என்றாள்.

சாரின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நடிகையையே ஏற்பாடு செய்திருக்கிறாளே இந்தப் பெண் என்று அவர் புல்லரித்துப் போய்விட்டார்.

"வாங்கம்மா, வாங்க. கேரக்டராவே வந்துட்டீங்களா?"

"இல்லைங்க, பஸ்லதான் வந்தேன்."

சார் மேசையைத் தட்டினார். "எத்தனை வருஷமா நடிக்கிறீங்க?"

பெரியம்மா கொஞ்சம் யோசித்தாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து" என்றாள்.

மெத்தைக்காரர்கூட லேசாகச் சிரித்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டார். சார் அதே வேகத்தில் திரையைப் போடச் சொன்னார். ஈரத்துண்டு, மாடித்துணி, கோப்பை விளிம்பு, சூரியன் எல்லாம் ஆள் உயர எழுத்தில் சுவரில் வந்து நின்றன. புள்ளி அவர் கையைப் பிடித்து நிறுத்தலாமா என்று பார்த்தாள். அவர் நிற்கிற நிலையில் இல்லை. மெத்தைக்காரர் பக்கம் திரும்பினார்.

"இதுல விசேஷம் என்னன்னா சார், இப்படி ஒரு பெரியம்மா உலகத்துலயே கிடையாது. எல்லாம் இந்தப் பொண்ணு மண்டையில உதிச்சது. முழுக்க முழுக்கக் கற்பனை."

பெரியம்மா திரையை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு புள்ளியைப் பார்த்தாள்.

"இதெல்லாம் நான் உனக்கு அனுப்பினதாச்சே."

பிரிண்டர் மட்டும் முனகியது.

"நான் கற்பனைன்னா, தினம் காலையில உன்னை உலுக்கி எழுப்பறது யாரு?"

அதற்குமேல் புள்ளியால் தாங்க முடியவில்லை. அடைத்து வைத்த குழாய் திறந்துகொண்டது. இது என் பெரியம்மா, என் அம்மாவோட அக்கா, நிஜமான பெரியம்மா, நான் எதையும் உருவாக்கலை, அவங்களுக்கு அது எல்லாரும் பார்க்கிற இடம்னு தெரியாது, நான் சொல்லிப் பார்த்தேன், சரியா சொல்லலை, சார் கேட்டப்போ சொல்லியிருக்கணும், சார் மேசையைத் தட்டினதும் சொல்ல வரலை, எனக்கு இந்த வேலை வேணும்னு இருந்துச்சு, என்று அவள் மூச்சுவிடாமல் போய்க்கொண்டே இருந்தாள். சாரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. அவர் கையை மேசை மேல் வைத்தார். தட்டாமல் அப்படியே வைத்திருந்தார்.

பெரியம்மா கேட்டது ஒரே கேள்விதான். எவ்வளவு பேர் இதைப் பார்த்திருப்பார்கள் என்றாள். ஊரே பார்த்திருக்கும் என்று சார் மெதுவாகச் சொன்னார். பெரியம்மா உட்கார இடம் தேடினாள். பக்கத்தில் வேறு எதுவும் இல்லாததால் மாதிரி மெத்தை மேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள். அழப்போகிறாள் என்று புள்ளி கிட்டே ஓடினாள்.

"என்ன மெத்தை இது" என்றாள் பெரியம்மா. "உட்கார்ந்தா உள்ள இழுக்குது."

மெத்தைக்காரருக்குச் சுருக்கென்றது. அதைப் போடுகிற விதத்தில் போட வேண்டும், எப்படி என்று ஓரத்தில் தைத்திருக்கும் குறிப்புப் பட்டையிலேயே எழுதியிருக்கிறது, எந்த மகானுபாவராவது அதைப் படித்திருக்கிறாரா என்று பொரிந்தார். துணிக்குள் தைத்திருக்கும் பட்டைகளைப் படிப்பதே தொழிலாக இருக்கும் பெரியம்மா, மெத்தையின் ஓரத்தைப் புரட்டிப் பட்டையைக் கண்டுபிடித்தாள். கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தாள். எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. புள்ளியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள்.

புள்ளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உரக்கப் படித்தாள். "உபயோகிப்பான் மெத்தையை மடக்குதலைத் தவிர்த்தல் செய்யப்பட வேண்டும். ஈரம் நிகழின் நிழல் கொடுக்கவும். குழந்தைகள் குதிப்பு அனுமதி அற்றது, ஆயினும் நன்றி."

ஆயினும் நன்றி என்ற இடத்தில் அவளுக்கே சிரிப்பு வெடித்துவிட்டது. சார் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினார். மெத்தைக்காரர், அது கம்ப்யூட்டரில் போட்டு மொழிபெயர்த்தது, எழுதுவதற்கு ஆள் இல்லை என்று முணுமுணுத்தார்.

சிரிப்பு அடங்கியதும் சாருக்குக் கோபம் திரும்பி வந்தது. அப்படியானால் இந்தப் பக்கத்தில் நீ எழுதியது எது என்று கேட்டார். மேலே இருக்கிறதெல்லாம் என்றாள் புள்ளி. அவர் அதையெல்லாம் ஒரு நாளும் படித்ததில்லை. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று கேட்டார்.

"நான் படிக்கிறேன்" என்றாள் மெத்தையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா. "முழுக்கப் படிச்சிட்டுத்தான் அனுப்புவேன். பல் ஆஸ்பத்திரியைப் பத்தி எழுதினாளே, அதைப் படிச்சு வயிறு வலிக்கச் சிரிச்சேன். அப்புறம் பயம் வந்து, கடவாய்ப்பல் பிடுங்கப் போறதையே நிறுத்திட்டேன். அதைச் சொன்னா திட்டுவாளேன்னு அதுக்கு மட்டும் ஒண்ணும் அனுப்பலை."

சார் சந்தேகத்தோடு தன் போனில் அந்தப் பதிவைத் தேடி எடுத்தார். வாய்க்குள் படிக்க ஆரம்பித்தவர், கொஞ்ச நேரத்தில் சத்தமாகவே படித்தார். 'காத்திருக்கும் எல்லாரும் ஒரு கையால் கன்னத்தைத் தாங்கியிருப்பார்கள், வெளியிலிருந்து பார்த்தால் அறை நிறையத் தத்துவ ஞானிகள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும், உள்ளே மெஷின் கிர்ரென்று கத்தியதும் பாதிப் பேருக்கு வலி போய்விடும், மீதிப் பேருக்கு வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தது ஞாபகம் வந்துவிடும்,'

மெத்தைக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிக்கும்போதே கன்னத்தில் கைவைத்து வலியால் முனகினார். அவரும் பல நாளாக ஒரு பல்லை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. தன் மெத்தையைத் திட்டுகிற அம்மாவை வைத்துத் தன்னால் மெத்தை விற்க முடியாது, அந்தத் திட்டம் வேண்டாம் என்று சாரிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார். பிறகு புள்ளியின் பக்கம் திரும்பி, அந்தப் பட்டையை மட்டும் எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

அவர் போனதும் சார் புள்ளியைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தார். இனி ஒரு பொய் சொன்னால் சைக்கிள் கடையில்தான் போய் வேலை கேட்க வேண்டியிருக்கும் என்றார். வேலையைவிட்டு எடுக்கவில்லை. பட்டை, உபயோகக் குறிப்பு, பெட்டி மேல் அச்சடிக்கும் வாசகம் இதெல்லாம் இனி உன் பொறுப்பு என்றார். கடைசியில் பழக்கதோஷத்தில் ஒரு தட்டுத் தட்டினார். மேசைக் கால் உடைந்தே விட்டது.

திரும்பும்போது பெரியம்மா பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். புள்ளி எத்தனையோ விதமாக மன்னிப்புக் கேட்டுப் பார்த்தாள். பாதி வழி தாண்டியதும் பெரியம்மா, அதைப் பார்த்த ஊர்க்காரர்கள் எனக்கு என்ன பதில் போட்டிருக்கிறார்கள் என்று படித்துக் காட்டச் சொன்னாள். புள்ளி ஒவ்வொன்றாகப் படித்தாள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் திட்டு விழும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பெரியம்மா சொன்னதும் நானும் துண்டை எடுத்துக் காயப்போட்டேன் என்று ஒருவர். பெரியம்மா இறுக்கமாகவே கேட்டுக்கொண்டு வந்தாள். துண்டைக் காயப்போட்டவரை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். இறங்கும்போது, "உன் மேல கோபம்தான். அது ரெண்டு நாள் இருக்கும்" என்று அறிவித்துவிட்டு முன்னால் நடந்தாள். சொன்னபடி இரண்டு நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்றாவது நாள் நல்ல உடையாகப் போட்டுக்கொண்டு வந்து, தன் பெயருக்குப் பக்கத்தில் வைக்க ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்ததில் எதுவும் பிடிக்காமல் புள்ளியைச் சாயங்காலம் வரைக்கும் நிற்க வைத்தாள்.

பட்டையை எழுதப் புள்ளி ரொம்பவே மெனக்கெட்டாள். மெத்தைத் தொழிற்சாலைக்கே போய்த் தையல்காரர்களிடம் எது எதனால் கெடுகிறது என்று கேட்டு வந்து எழுதினாள். 'இந்த மெத்தையை மடக்காதீர்கள், மடக்கினால் பழையபடி நிமிர நாளாகும், நமக்கும் அப்படித்தான், வெயிலில் போடலாம், மழையில் மறந்துவிடாதீர்கள், பிள்ளைகள் குதிப்பார்கள், குதிக்கட்டும், நடுவில் குதிக்கச் சொல்லுங்கள், ஓரத்தில் குதித்தால் தையல் விடும், அவ்வப்போது தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள், ஒரே பக்கம் அழுத்தினால் மெத்தையும் ஒரு நாள் சொல்லிக்காட்டும்,' என்று அது போனது. கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியாவது வைக்கக் கூடாதா என்று சார் கேட்டார். பட்டையில் இடம் முடிந்துவிட்டது என்றாள்.

மெத்தைகள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கொஞ்ச நாளில் மெத்தைக்காரர் சாருக்கு போன் செய்து கத்தினார். சார் எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். வருகிற ஜனங்கள் மெத்தையில் படுத்துப் பார்க்காமல் குனிந்து நின்று பட்டையைப் படிக்கிறார்கள், படித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுகிறார்கள், கடையில் நடக்க வழியில்லை, போதாக்குறைக்கு நேற்று ஒரு ஆள் பட்டையை மட்டும் கிழித்துக்கொண்டு போய்விட்டான், அடுத்த தடவை கிழிக்க முடியாத துணியில் அச்சடிக்கச் சொல்லுங்கள் என்றார்.

அன்று வேலை முடிந்ததும் புள்ளி அந்தக் கடை எது என்று விசாரித்துக்கொண்டு நேராக அங்கே போனாள். மெத்தை ஒன்றின் ஓரத்தில் இரண்டு நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். கடைக்காரர் பக்கத்தில் வந்து, கிழித்த ஆளைப் பார்த்தால் படித்தவர் மாதிரிதான் இருந்தார், கண்ணாடிகூடப் போட்டிருந்தார், இந்தக் காலத்தில் யாரை நம்புவது என்று மனம் நொந்து சொன்னார். புள்ளி ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளத்தான் ரொம்பச் சிரமப்பட்டாள்.